டைனோ வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள்

ஒரு டர்போ கார் டைனோவின், அதாவது வண்டியின் திறனை அளக்கும் இயந்திரத்தின், ரோலர் மேல் கட்டப்பட்டிருக்கிறது. முதல் ஓட்டத்தில் சக்கரத்தில் 148 குதிரைத்திறன். எல்லோருக்கும் சந்தோஷம். எதையும் மாற்றாமல் உடனே இரண்டாவது ஓட்டம்: 144. மூன்றாவது: 139. வண்டிக்காரர் முகம் வாடுகிறது. "என்னங்க, இறங்கிக்கிட்டே போகுது?" என்கிறார். லேப்டாப்பில் பக்கத்து வரியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம் முதல் ஓட்டத்தில் 38 டிகிரி, அடுத்து 47, அப்புறம் 55. டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் சூடேறிவிட்டது, எஞ்சின் நாக் ஆகாமல் (கலவை தானாகத் தீப்பிடித்துத் தட்டாமல்) இருக்க, எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தியிருக்கிறது. வண்டியில் கோளாறு இல்லை, டைனோவிலும் இல்லை. முன்னால் வைத்த ஃபேன் போதவில்லை, அவ்வளவுதான்.

சிறிய பட்டறை நடத்துபவர் சேசிஸ் டைனோ (எஞ்சினைக் கழற்றாமல் முழு வண்டியையும் ஏற்றி அளப்பது) வாங்க விசாரிக்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்பி வரை தாங்கும்?" என்பதுதான். விற்பவரும் 1000, 1500 என்று பெரிய எண்ணைத்தான் முன்னால் வைப்பார். ஆனால் பட்டறைக்கு அன்றாடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் 200ஐக்கூடத் தொடாதவை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரே வண்டியை மூன்று முறை ஓட்டினால் மூன்று முறையும் ஒரே எண் வருமா? ஸ்பார்க்கை 2 டிகிரி நகர்த்தி 3 ஹெச்பி கூடியதா என்று பார்க்கத்தான் டைனோ. ஓட்டத்துக்கு ஓட்டம் 5 ஹெச்பி தானாகவே ஆடினால் அந்த 3 எங்கே தெரியும்? அப்படி ஆடாமல் இருப்பதில் பாதி இயந்திரத்தின் கையில், மீதி அது நிற்கும் அறையின் கையில். வாங்குபவர்கள் முதல் பாதிக்கு மட்டும் காசு ஒதுக்குகிறார்கள்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். சேசிஸ் டைனோவில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று, கனமான டிரம்மைச் சக்கரம் சுழற்றும் வகை. டைனோஜெட் நிறுவனம் பிரபலமாக்கியது இதைத்தான். டிரம்மின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது அதன் சுழற்சியை வேகப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது, முன்கூட்டியே தெரியும். அது எத்தனை வேகமாக வேகமெடுக்கிறது என்று அளந்தால் திறன் கணக்கில் வந்துவிடும். சும்மா ஒரு கணக்கு: டிரம் சாலையில் 1000 கிலோ எடைக்குச் சமமாக நடந்துகொள்கிறது என்று வையுங்கள். மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 160 கி.மீ.க்குப் போக 8 விநாடி பிடித்தது. டிரம்மில் ஏறிய இயக்க ஆற்றல் சுமார் 7,40,000 ஜூல். 8ஆல் வகுத்தால் சராசரியாக 92.6 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 124 ஹெச்பி. இவ்வளவுதான் தத்துவம். தேயும் பாகம் அதிகம் இல்லை, டிரம்மின் எடை நாளாக நாளாக மாறுவதும் இல்லை. அதனால் இந்த வகை டைனோ திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் காட்டுவதில் கெட்டிக்காரன்.

அதன் குறை, அது நிற்கத் தெரியாத இயந்திரம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் டிரம் வேகமெடுத்துக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 2500 சுற்றில் எஞ்சினைப் பிடித்து நிறுத்தி, ஆக்சிலரேட்டரின் 40 சதவீதத் திறப்பில் காற்று-எரிபொருள் கலவையையும் ஸ்பார்க்கையும் திருத்த வேண்டுமானால் அது உதவாது. டிரம்மின் எடையும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சின்ன எஞ்சினுக்கு அது மலை. ஓட்டம் நீண்டுகொண்டே போய் எஞ்சின் சூடாகும். பெரிய டர்போ எஞ்சினுக்கு அது பஞ்சு. டர்போ முழு அழுத்தம் கட்டுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். சாலையில் தன் சொந்த எடையை இழுக்கும்போது அந்த எஞ்சின் நடந்துகொள்வதே வேறு மாதிரி.

இரண்டாவது குடும்பம் பிரேக் வைத்தது. எஞ்சினைத் தடுத்துப் பிடித்து, தடுக்க எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று அளப்பது. யோசனை பழசு. 1821இல் பிரான்சின் கஸ்பார் த ப்ரோனி சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கி, நெம்புகோலில் எடை தொங்கவிட்டு அளந்தார். 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் கப்பல் எஞ்சின்களுக்காகத் தண்ணீரைக் கடைந்து தடுக்கும் பிரேக்கைச் செய்தார். இன்றைய பட்டறை டைனோக்களில் அதிகம் இருப்பது எடி கரண்ட் பிரேக். மலைச்சரிவில் இறங்கும் பேருந்துகளிலும் லாரிகளிலும் பிரேக் ஷூ தேயாமல் வேகத்தைக் குறைக்கப் பொருத்தும் ரிடார்டரேதான் இது. காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும் இரும்புத் தட்டில் மின்னோட்டம் சுழன்று, தட்டைப் பின்னுக்கு இழுக்கும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு தடை. கம்ப்யூட்டர் அதை விநாடிக்குப் பலமுறை திருத்தி, எஞ்சினை நீங்கள் சொன்ன சுற்றிலேயே நிறுத்தி வைக்கும்.

இந்தத் தட்டு சூடாகும். எவ்வளவு என்று பார்க்காமல் வாங்குவதுதான் ஏமாற்றம் தரும் இடம். 120 கிலோவாட் எஞ்சினை 30 விநாடி பிடித்து வைத்தால் 36 லட்சம் ஜூல் வெப்பம். 50 கிலோ எஃகுத் தட்டு அதை வாங்கிக்கொண்டால், காற்று ஆற்றுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், வெப்பம் 150 டிகிரிக்கு மேல் எகிறும். தட்டு சூடேறச் சூடேற அதன் தடுக்கும் திறனும் இறங்கும். பிரசுரத்தில் போட்டிருக்கும் எண் குளிர்ந்த தட்டில் சில விநாடிக்கானது. அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டியது: "சூடான பிறகு, 5 நிமிடம் விடாமல் எத்தனை கிலோவாட் பிடிக்கும்? எந்த ரோலர் வேகத்தில்?" மெதுவாகச் சுழலும்போது பிரேக்கால் அதிகத் திறனை வாங்க முடியாது, கீழ் சுற்றிலேயே நிறைய டார்க் (சுழற்றும் விசை) தரும் டீசல் வண்டிகள் நிறைய வரும் பட்டறைக்கு இது முக்கியம்.

என் கருத்தைக் கேட்டால், ட்யூனிங்தான் தொழில் என்றால் பிரேக் இல்லாத டைனோ வாங்க வேண்டாம். வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி பாதி மிதித்த ஆக்சிலரேட்டரில்தான் ஓடுகிறது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போன பிறகு "குறை" என்று திரும்பி வருவது அந்த இடத்தைப் பற்றித்தான். உச்ச ஹெச்பியைப் பற்றி அல்ல. பந்தய பைக்குகளுக்கு, மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் வரும் எண்ணைக் காட்டித் தருவது மட்டுமே வேலை என்றால் டிரம் வகை போதும், பராமரிப்பும் சுளுவு. இரண்டும் சேர்ந்தவையும் கிடைக்கின்றன: நல்ல கனமான டிரம், கூடவே ஒரு எடி கரண்ட் பிரேக். இடமும் கையும் அனுமதித்தால் அதுதான் நிம்மதி.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரம் மாட்டும் ஹப்பிலேயே பூட்டும் டைனாபேக் போன்றவை. டயர் வழுக்குவது, டயர் சூடாவது என்ற தலைவலியே கிடையாது. தரையில் குழி வேண்டாம். வேலை முடிந்தால் ஓரமாகத் தள்ளி வைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரம் கழற்றி மாட்டும் நேரத்தைக் கணக்கில் சேருங்கள்.

டயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரோலர் டைனோவில் அதிகம் பொய் சொல்வது டயர்தான். சின்ன விட்டமுள்ள இரட்டை ரோலர் டயரை இரண்டு இடத்தில் ஆழமாக அழுத்தும். டயர் சீக்கிரம் சூடாகி, திறனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பெரிய ஒற்றை ரோலர் சாலைக்கு நெருக்கமாக இருக்கும். வண்டியைக் கட்டும் ஸ்ட்ராப்பை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு டயர் நசுங்கும், எண் இறங்கும். காலையில் ஒருவர் இறுக்கியதும் மாலையில் இன்னொருவர் இறுக்கியதும் ஒன்றாக இருக்காது. ராட்செட் எத்தனை பல் நகர்ந்தது என்று எண்ணி எழுதி வைக்கும் ஆட்களைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்கவில்லை. டயர் அழுத்தம், எந்த கியர், ஸ்ட்ராப் எத்தனை, எஞ்சின் ஆயில் வெப்பம் எவ்வளவு — இந்த நான்கும் தாளில் இல்லாத டைனோ ரிப்போர்ட்டை நான் ஒப்பிடவே மாட்டேன்.

இனி அறை.

100 கிலோவாட் கொடுக்கும் பெட்ரோல் எஞ்சின் அந்த நேரத்தில் சுமார் 300 கிலோவாட் அளவுக்கு எரிபொருளை எரிக்கிறது. 200 கிலோவாட் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. மீதி 100? சாலையில் அது வண்டியை நகர்த்தும். டைனோவில் வண்டி நகர்வதில்லை. பிரேக் அந்த 100ஐயும் வெப்பமாக்கி அதே அறைக்குள் விடுகிறது. ஆக, புகைக்குழாய் வெளியே கொண்டுபோவது போக மிச்சம் எல்லாம் உங்கள் அறைக்குத்தான். 300இல் மூன்றில் ஒரு பங்கு புகையோடு போனாலும், 2 கிலோவாட் ஹீட்டர் 100ஐ ஒரே நேரத்தில் போட்டது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் 10, 12 விநாடிதான் என்பதால் தப்பிக்கிறோம். பிடித்து வைத்து ட்யூன் செய்யும்போது தப்பிக்க முடியாது.

சாலையில் 100 கி.மீ. வேகத்தில் வண்டியின் முகத்தில் விநாடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. முன் கிரில் அரை சதுர மீட்டர் என்றால், அந்தப் பரப்புக்கு மட்டும் மணிக்கு 50,000 கன மீட்டர் காற்று. பட்டறையில் இருக்கும் ஸ்டாண்டு ஃபேன் இதற்குப் பக்கத்தில்கூட வராது. முழுவதும் ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் டைனோ விலைப்பட்டியலில் கடைசி வரியில் இருக்கும் ஃபேனை "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று அடித்துவிட்டால், இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் இருக்கும் 148, 144, 139தான் தினமும் கிடைக்கும். அந்த ஃபேனுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதும் கேள்வி. கதவை மூடிய அறையில் எத்தனை பெரிய ஃபேன் வைத்தாலும், ரேடியேட்டர் துப்பிய சூட்டையே சுற்றிச் சுற்றி ரேடியேட்டருக்கு ஊட்டும். ஒரு பக்கம் வெளிக்காற்று வர வழி, எதிர்ப்பக்கம் போக வழி இரண்டும் வேண்டும்.

எஞ்சின் குடிக்கும் காற்றும் சாதாரணமில்லை. 150 கிலோவாட் பெட்ரோல் எஞ்சின் முழு சுமையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 கன மீட்டர் காற்றை உறிஞ்சும். அதே எடைக்கும் சற்றுக் கூடுதலான புகையை வெளியே தள்ளும். முழு சுமையில் கலவையில் பெட்ரோல் கூடுதலாக இருப்பதால் புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவீதம் வரை இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சைலன்சர் வாயில் குழாய் மாட்டி, தனி எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து இழுக்க வேண்டும். சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். இதில் மட்டும் பேரம் வேண்டாம். தலைவலிக்கிறது என்று ட்யூனர் டீ குடிக்க எழுந்து போகும் பட்டறைகளில் காரணம் பெரும்பாலும் டீ இல்லை.

குழி வெட்டிப் பதிப்பதா, தரைக்கு மேலே வைப்பதா என்பது இடம் சொந்தமா வாடகையா என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். குழி வசதியானது: வண்டி நேராக ஏறும், தாழ்ந்த வண்டி அடி தட்டாது. ஆனால் கான்கிரீட், வடிகால், கேபிள் போகும் வழி எல்லாம் டைனோ வருவதற்கு முன்பே சரியாக இருக்க வேண்டும். இடத்தைக் காலி செய்யும்போது குழி உங்களோடு வராது. மேலே வைத்தால் சாய்தளத்துக்கு நீளமும் கூரைக்கு உயரமும் வேண்டும். எதுவானாலும் ஸ்ட்ராப் கட்டும் கொக்கிகள் தரைக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். மெல்லிய தரையில் சாதாரண போல்ட் போட்டு வண்டியைக் கட்டுவது, வண்டியைக் கட்டாமல் விடுவதைவிட ஆபத்து. கட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆள் எதிரே நிற்பான். ஓட்டம் நடக்கும்போது வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. டயர் பள்ளத்தில் இருக்கும் ஒரு சரளைக்கல் போதும்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக: பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

அறை சரியில்லாவிட்டால் மென்பொருள் திருத்திக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைப் பெருக்கும் திருத்தக் காரணியைத்தான் சொல்கிறார்கள். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே1349 என்ற தரவிதி, அளந்த எண்ணை 25 டிகிரி வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர் (நீராவியைக் கழித்த) காற்றழுத்தம் என்ற நிலைக்கு மாற்றிச் சொல்கிறது. 38 டிகிரி வெப்பத்தில், 98 கிலோபாஸ்கல் உலர் அழுத்தத்தில் 100 ஹெச்பி அளந்தால் அது 103.8 என்று அச்சாகும். சரி. ஆனால் வெப்பமானி எங்கே தொங்குகிறது? ரேடியேட்டர் சூடு அடிக்கும் மூலையில் தொங்கி 55 டிகிரி காட்டினால், அதே ஓட்டம் 107 என்று வரும். எஞ்சினை யாரும் தொடவில்லை, 3 ஹெச்பி வந்துவிட்டது. "ஆதாயம்" காட்ட இதைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு. பழைய ஜே607 முறைக்கு மாற்றினால் இன்னும் சுமார் 4 சதவீதம் கூடும். அதனால் வாங்கும்போது, திருத்தாத மூல எண்ணையும் காரணியையும் தனித்தனியே காட்டுமா, ஓட்டத் தரவை வேறு மென்பொருளில் திறக்கும் வடிவில் எடுக்க முடியுமா என்று பாருங்கள். டர்போ வண்டிகளுக்கு இந்தக் காரணி இன்னும் சந்தேகத்துக்கு உரியது. அழுத்தத்தை இசியூ தானே கட்டுப்படுத்தும்போது வெளிக்காற்றழுத்தக் குறைவை எஞ்சின் ஏற்கனவே ஈடுகட்டியிருக்கும். மென்பொருள் அதன் மேல் இன்னொரு முறை கூட்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் எத்தனை வருகின்றன என்று போன வருட பில் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அதற்கான டைனோ விலையிலும் நீளத்திலும் கிட்டத்தட்ட இன்னொரு டைனோ. முன் ரோலரும் பின் ரோலரும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். வித்தியாசம் வந்தால் நடுவில் இருக்கும் கிளட்ச் சூடாகிக் கெடும், அல்லது ஏபிஎஸ் குழம்பி இசியூ திறனை வெட்டும். இரண்டு ரோலரையும் இணைக்காத மாதிரியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, கிளட்ச்சுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

பழைய டைனோ வாங்குவதில் தப்பில்லை. நல்ல டிரம் மனிதரைவிட நீண்ட நாள் இருக்கும். கெடுவது சுற்றியிருப்பவை. பேரிங்கில் சத்தம் இருக்கிறதா, ரோலர் மேல் செதுக்கிய சொரசொரப்பு தேய்ந்துவிட்டதா என்று கையால் தடவிப் பாருங்கள். மென்பொருள் எந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, அது செத்தால் புதியதில் ஏறுமா, மென்பொருளைத் திறக்கும் சாவிப் பூட்டு (டாங்கிள்) இருக்கிறதா? பிரேக் வகையென்றால் அளவுத்திருத்தக் கையும் எடைகளும் கூடவே வர வேண்டும். 1 மீட்டர் கையின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் திரையில் 196 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். எடையை எடுத்தால் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். விற்பவர் முன்னாலேயே செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. மறுக்கிறார் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

பணக் கணக்கில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். ஓட்டம் 12 விநாடி என்பதால் ஒரு நாளைக்கு 10 வண்டி என்று மனக்கோட்டை கட்டுகிறார்கள். வண்டியை ஏற்றி, மையம் பார்த்து, கட்டி, புகையிலிருந்து கலவையை அளக்கும் லாம்டா சென்சார் மாட்டி, ஆயிலைச் சூடாக்கி முடிக்கவே முக்கால் மணி நேரம். ட்யூனிங் என்றால் 4 மணி நேரம் சாதாரணம். நடுவில் ஸ்பார்க் பிளக் கோளாறு, கிளட்ச் வழுக்கல், எரிபொருள் பம்ப் போதாமை என்று எது வந்தாலும் ரோலர் மேல் வண்டி சும்மா நிற்கும், ஆனால் டைனோ நேரம் ஓடும். வண்டியை ஏற்றும் முன்பே ஆயில், டயர், கூலன்ட், கிளட்ச் பார்த்துக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இதற்காகத்தான். முழு சுமையில் உடையப்போகும் எஞ்சின் உங்கள் ரோலர் மேல்தான் உடையும். ஒரு நாளைக்கு இரண்டு வண்டி, வாரத்தில் நான்கு நாள் என்று போட்டும் கட்டுப்படியானால் வாங்கலாம். ஆகாவிட்டால், வேறொருவரின் டைனோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று மாதம் அப்படி ஓட்டினால் உங்களுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் தேவை என்ற கணக்கும் கையில் இருக்கும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், பட்டறைக்கென்று ஒரு பழைய வண்டியை ஒதுக்குங்கள். டர்போ இல்லாதது, யாரும் எதையும் மாற்றாதது. மாதம் ஒரு முறை, ஒரே டயர் அழுத்தத்தில், ஒரே கியரில், ஆயில் 90 டிகிரி வந்ததும் மூன்று ஓட்டம். எண்ணை அறைச் சுவரில் மாட்டிய அட்டையில் எழுதுங்கள். அந்த வரிசையில் ஒரு மாதம் திடீரென்று 4 ஹெச்பி ஏறியோ இறங்கியோ இருந்தால், அன்று வாடிக்கையாளர் வண்டியை ஏற்ற வேண்டாம். முதலில் வெப்பமானி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள்.